தயக்கமானி

கலியமூர்த்தியைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நான் புதுக்குப்பம் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு நடந்ததை வைத்து என்னை ஏதோ தியாகி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தியாகியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் எழுதிய நிரலை ஒருவன் ஏமாற்றுகிறானே என்று கோபம், அவ்வளவுதான்.

என் பெயர் வசுமதி. 2039-இல் எனக்கு முப்பத்தெட்டு வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் அரசாங்கத்துக்கு விண்ணப்பப் பக்கங்கள் எழுதிக்கொடுக்கிற வேலை. அந்த வருடம் பங்குனியில் ஒரு சட்டம் வந்தது. பெற்றவர்களை இழந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவான பாதுகாவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை அரசு இல்லத்துக்குப் போகும். சட்டத்தில் தப்பு சொல்ல முடியாது. 2035 புயலுக்குப் பிறகு கடலோரத்துக் குழந்தைகளை மாமன், சித்தப்பன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்ச் செங்கல் சூளையில் விட்டவர்கள் இருந்தார்கள். பொய் சொல்கிறவர்களை விண்ணப்பத்திலேயே பிடிக்க வழி உண்டா என்று, பாதுகாவலர்களைப் பதிவு செய்கிற காப்புப் பதிவகம் கேட்டது. உண்டு என்று கையைத் தூக்கியவள் நான்தான்.

அப்படிப் பிறந்தது தயக்கமானி. நீங்கள் பிரவுசரில் படிவத்தை நிரப்பும்போது, பக்கத்துக்கு அடியில் நான் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் கேள்வியில் எத்தனை விநாடி நின்றீர்கள், எத்தனை எழுத்தை அழித்தீர்கள் என்று எண்ணும். 'சமர்ப்பி' பொத்தானைத் தட்டியதும் உங்கள் பதில்களோடு அந்த எண்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி சர்வருக்கு அனுப்பிவிடும். அங்கே வாசலில் கண்ட்ரோலர் என்கிற நிரல் உட்கார்ந்திருக்கும். அதையும் நான்தான் எழுதினேன். பொட்டலத்தைப் பிரித்து, நூற்றுக்கு எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பெண் போடும். அறுபதுக்குக் கீழே வந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. பொய் சொல்கிறவன் யோசிப்பான், நிறுத்துவான், அழிப்பான். உண்மை சொல்கிறவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? இந்த ஒரு வரியை நம்பித்தான் முழுவதையும் கட்டியிருந்தேன். அப்போது எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

எழுத்துகளை அழித்தால் சர்வருக்கு எண்ணிக்கைதான் போகும், அழித்த சொல் போகாது. அதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். என் மேலாளர் ரகோத்தமன் சொற்களையும் அனுப்பச் சொல்லி மூன்று கூட்டம் போட்டார். மனுஷன் அழித்தது அவனுடைய சொந்த விஷயம் என்று மூன்று கூட்டத்திலும் சொன்னேன்.

மாநிலம் முழுக்க மானி சமர்த்தாக ஓடியது. புதுக்குப்பம் இ-சேவை மையத்தில் மட்டும் விண்ணப்பித்த இருநூற்றுப் பதினாலு குடும்பத்தில் இருநூற்று ஒன்பதுக்குத் தள்ளுபடி. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்து மையத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரே ஆள் உட்கார்ந்து இருநூறு பொய்யையும் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அந்த ஆள் பெயர்தான் கலியமூர்த்தி.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் போய், யாரென்று சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கலியமூர்த்திக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்தார். அவர் சொன்னதை அப்படியே தட்டினார். தட்டியதைத் திரும்பப் படித்துக் காட்டினார். "சரியா?" என்று கேட்டார். பெரியவர் மண்டையைச் சொறிந்துகொண்டு, "அது பெரியவன் பொறந்த வருஷமாச்சே, இது சின்னவன்" என்றார். கலியமூர்த்தி அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடி "சரியா?" நடுவில் பெரியவர் மருமகளுக்கு போன் போட்டு ஒரு சந்தேகம் கேட்டார். கலியமூர்த்தி விரலை விசையின் மேல் வைத்தபடியே காத்திருந்தார். ஒரு விண்ணப்பத்துக்கு ஐம்பது நிமிடம் ஆனது.

பெஞ்சிலிருந்து எழுந்து அவர் மேஜைக்குப் போனேன். யாரென்று சொன்னேன்.

"சென்னைலேர்ந்து யாராவது வருவாங்கன்னு தெரியும் மேடம். டீ சொல்லட்டுமா?" என்றார்.

"பக்கத்து மையத்துல எப்படி நிரப்புறாங்க?"

"அவன் கெட்டிக்காரன். எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வாங்கிப்பான். முன்னாடியே அடிச்சு வெச்சுக்கிட்டு, அப்புறம் உங்க பக்கத்துல கொண்டாந்து ஒட்டிடுவான். ரெண்டு நிமிஷம். நமக்கு அது வராது. ஒருத்தரு வாயால சொல்றதத்தான் எழுதணும், அவரு சரின்னு சொன்னப்புறம்தான் பொத்தான அமுக்கணும். இருவது வருஷமா அப்படியே பழகிட்டேன்."

பக்கத்துக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று அவரிடம் சொன்னேன். வெளியாட்களிடம் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் சொன்னேன். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படின்னா அது அவங்கள அளக்கல மேடம். என்னைய அளக்குது."

 விண்ணப்பிக்கிறவர் வேறு, தட்டுகிறவர் வேறு என்பது எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. குளிரூட்டிய அறையில் என் பதில்களை நானே தட்டி நானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு வரும், அதப் பாருங்க" என்றார் கலியமூர்த்தி. "சாயங்காலம் நாலு மணிக்கு அது புள்ளைய எடுத்துட்டுப் போகப்போறாங்க. தள்ளுபடி ஆகி முப்பது நாள் இன்னையோட முடியுது. எங்க பக்கத்துல இதான் முதல் புள்ள."

அஞ்சலாட்சி ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறவள். இருபத்தாறு வயது. கூடவே ஐந்து வயதுப் பெண் குழந்தை, பெயர் நிறைமதி. அஞ்சலாட்சியின் அக்காவும் அக்கா புருஷனும் புயலில் போய்விட்டார்கள். அப்போது குழந்தைக்குப் பத்து மாதம். அன்றிலிருந்து இவள்தான் வளர்க்கிறாள். மூன்று தடவை விண்ணப்பித்திருந்தாள். மதிப்பெண் நாற்பத்தொன்று, முப்பத்துமூன்று, பத்தொன்பது. மூன்று தடவை தள்ளுபடியானால் விண்ணப்பதாரரின் எண் ஆறு மாதத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அந்த விதியும் என்னுடையதுதான்.

லேப்டாப்பைத் திறந்து அவளுடைய முதல் பொட்டலத்தைப் பார்த்தேன். எல்லாக் கேள்வியும் ஓரளவு சரியாக இருந்தது. ஏழாம் கேள்வியில் நாற்பத்தேழு விநாடி நிறுத்தம், மூன்று எழுத்து அழிப்பு. மானி அங்கேதான் சந்தேகப்பட்டிருந்தது.

"ஏழாவது கேள்வி, குழந்தைக்கும் உனக்கும் என்ன உறவுங்கறது. அதுல என்னத்த அழிச்ச?"

அஞ்சலாட்சி கலியமூர்த்தியைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார். "அம்மான்னு சொல்லிச்சு. நான் அம்மான்னு அடிச்சேன். திரும்பப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு."

"எங்க அக்கா இருக்காளேன்னு தோணிச்சு மேடம்" என்றாள் அஞ்சலாட்சி. "அவ பெத்தா, நான் எப்படி அம்மான்னு போடறது? அதான் அழிச்சிட்டு சித்தின்னு போடச் சொன்னேன். அது தப்பா?"

"இல்லை" என்றேன். "அடுத்த ரெண்டு தடவை?"

"பயமாப் போச்சு. எதச் சொன்னாலும் ஒருவாட்டி யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன்."

யோசிக்க யோசிக்க மதிப்பெண் இறங்கியிருக்கிறது. குழந்தை என் லேப்டாப் திரையில் தெரிந்த எண்களைச் சுட்டுவிரலால் தொட்டுப் படித்தது. "நாலு, ஏழு" என்றது.

வெளியே வந்து ரகோத்தமனுக்கு போன் போட்டேன். மானி அளப்பது ஆபரேட்டரை, விண்ணப்பதாரரை இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நான் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நின்றார்.

"வசு, இதத்தான் நான் ஆறு மாசமா சொல்றேன். அழிச்ச சொல்லையும் அனுப்பியிருந்தா, அம்மான்னு எழுதி சித்தின்னு மாத்தினத ஒரு ஆபீசர் படிச்சிருப்பார். அவருக்கு மனசு இல்லையா? புரிஞ்சிட்டிருக்கும். இப்பவும் கெட்டுப்போகல. ஸ்கிரிப்ட்ல ஒரு வரி, கண்ட்ரோலர்ல ஒரு வரி. பத்து நிமிஷம். அந்தப் பொண்ணு எண்ணைத் திறந்து விடச் சொல்றேன், மறுபடி போடச் சொல்லு. குழந்தை அங்கேயே இருக்கும்."

"இந்தப் படிவத்துல மட்டுமா சார்?"

"முதல்ல இதுல. அப்புறம் எல்லாத்துலயும் போட்டுக்கலாம். நல்ல விஷயம்தானே."

ஜன்னல் வழியே உள்ளே பார்த்தேன். கலியமூர்த்தி முன்னால் இப்போது வேறொரு பெண். தனி ரேஷன் கார்டு கேட்டு வந்தவள். என்ன காரணம் என்று அவர் படித்தார். "வூட்டுக்காரர் அடிக்கிறாரு" என்றாள் அவள். அவர் தட்டினார், திரும்பப் படித்தார். அவள் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வேணாண்ணே, அத அழிச்சிடுங்க. அவரு தம்பி தாலுக்கா ஆபீஸ்லதான் வேல செய்யறாரு. வேலைக்காக வெளியூர் போறேன்னு போடுங்க" என்றாள். கலியமூர்த்தி ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

ரகோத்தமனின் அந்த ஒரு வரி இருந்தால், இவள் அழித்ததும் போய்ச் சேர்ந்திருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"முடியாது சார்" என்றேன்.

"அப்படின்னா குழந்தை போகட்டுமா?"

"குழந்தையும் போகாது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் வழி தானாக வரும். இந்தத் தடவையும் வந்தது.

உள்ளே போய் கலியமூர்த்தியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் குடிமகன் எண்ணைப் போட்டு, கண் விழியைக் காட்டிப் பதிவகத்துக்குள் நுழைந்தேன்.

"சர்வர் வாசல்ல இருக்கற கண்ட்ரோலருக்குப் பொட்டலம்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று கலியமூர்த்திக்கும் அஞ்சலாட்சிக்கும் சொன்னேன். "படிவத்தை ஆள் உட்கார்ந்து நிரப்பினாங்களா, எப்படி நிரப்பினாங்கன்னு அது பார்க்கவே பார்க்காது. பொட்டலத்துல எழுதியிருந்தா நம்பிக்கும். பிரவுசர்லேர்ந்து வர்றத அப்படியே நம்பக்கூடாதுன்னு எங்க தொழில்ல முதல் நாளே சொல்லிக்கொடுப்பாங்க. பதில்களையெல்லாம் நான் சரிபார்த்தேன். மானி குடுக்கற எண்ணை மட்டும் பார்க்கல. அது என் சொந்த ஸ்கிரிப்ட்தானேன்னு விட்டுட்டேன்."

"அப்ப இந்தப் பொண்ணு பேர்ல நல்ல எண்ணாப் போட்டு அனுப்பிடுங்களேன்" என்றார் கலியமூர்த்தி.

"அவ எண் பூட்டியிருக்கு. நீங்க ஆபரேட்டர், உங்க பேர்ல போட முடியாது. என் பேர்ல போடறேன்."

அஞ்சலாட்சி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "உங்க பேர்ல போட்டா புள்ள உங்களுதாயிடுமே?"

"ஆகும்."

"அப்புறம் நீங்க தரலேன்னா?"

நியாயமான கேள்வி. காலையில் திருடனைப் பிடிக்க வந்தவள், மதியம் அவள் குழந்தையைத் தன் பேரில் எழுதப் போகிறேன் என்கிறேன். என்ன சொல்லி நம்பவைப்பது என்று தெரியவில்லை. "நாலு மணிக்கு அவங்க வந்தா எந்த ஊர் இல்லத்துக்குப் போவான்னுகூட உனக்குச் சொல்ல மாட்டாங்க. நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியும்" என்றேன். வீட்டு விலாசம், ஆபீஸ் விலாசம், அம்மா வீட்டு விலாசம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

பிரவுசரில் நிரல் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு கறுப்புக் கட்டம் உண்டு. அதைத் திறந்து, பொட்டலத்தைக் கையாலேயே கட்டினேன். குழந்தை: நிறைமதி. பாதுகாவலர்: வசுமதி. உறவு: அம்மா. எத்தனை வருடமாக வளர்க்கிறீர்கள்: ஐந்து. நிறுத்தம்: பூஜ்ஜியம். அழிப்பு: பூஜ்ஜியம். அனுப்பினேன்.

ஒரு விநாடிகூட ஆகவில்லை. 'நம்பகம் 100. ஆணை வழங்கப்பட்டது. வாழ்த்துகள்.'

கலியமூர்த்தி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "படிவமே தொறக்கலையே மேடம்."

"ஆமா."

"அப்ப நாங்க இத்தன நாளா யாருக்கு நிரப்பிட்டிருந்தோம்?"

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஜீப் வந்தது. குழந்தை நல அலுவலர் பரக்கத் நிஷா இறங்கினார். நாற்பத்தைந்து வயது, கையில் டேப்லெட். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர், திரையில் பாதுகாவலர் பெயர் வந்திருப்பதைப் பார்த்து நின்றார். என்னைப் பார்த்தார். அஞ்சலாட்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற குழந்தையைப் பார்த்தார்.

"வசுமதி நீங்களா?"

"ஆமா மேடம். நான் ஒண்ணு சொல்லணும்..."

"இருங்க" என்று கையைக் காட்டினார். "நீங்க தானா ஏதாவது சொன்னீங்கன்னா நான் அதப் பதிவு பண்ணியாகணும். அதனால நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குழந்தைக்குச் சாப்பாட்டுல என்ன பிடிக்காது?"

நான் விழித்தேன். கீபோர்டு முன்னால் ஒரு விநாடிகூட நிற்காதவள், அந்த அம்மாள் முகத்தைப் பார்த்ததும் வாய் திறக்க முடியாமல் நின்றேன். 

"எனக்குப் பால் ஆடை புடிக்காது" என்றது குழந்தை. "சித்தி வடிகட்டிக் குடுக்கும்."

பரக்கத் நிஷா சிரிக்கவில்லை. ஆனால் டேப்லெட்டை மூடிக் கைப்பையில் வைத்தார். "குழந்தையே பதில் சொல்லிடுச்சு, நல்லது. நீங்க சென்னையில இருக்கீங்க போல. பாதுகாவலர் கூடவே வெச்சு வளர்க்க முடியலேன்னா, நம்பிக்கையானவங்ககிட்ட விட்டு வைக்கலாம். விதி இருக்கு. அதுக்கு ஆன்லைன்ல படிவம் கிடையாது, யாரும் இன்னும் போடல. வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும்."

கலியமூர்த்தி தாள் எடுத்துக் கொடுத்தார். பேனாவால் நாலு வரி எழுதி எத்தனையோ வருடம் ஆயிற்று. 'இக்குழந்தையின் தாயாகிய நான்' என்று ஆரம்பித்தேன். கை நின்றுவிட்டது. அதை அடித்துவிட்டு, 'இக்குழந்தையின் பாதுகாவலராகப் பதிவாகியுள்ள நான்' என்று எழுதினேன். நடுவில் இன்னும் இரண்டு இடத்தில் அடித்தேன். வேறு தாளில் சுத்தமாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு? அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்" என்றார் பரக்கத் நிஷா. "காகிதத்துல எப்பவும் அப்படித்தான். அடிக்கறது தப்பில்ல. யார் அடிச்சாங்கன்னு தெரியணும், அவ்வளவுதான்."

மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். அஞ்சலாட்சி அடியில் போட்டாள். அலுவலர் தாளை மடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "இது ரொம்ப நாள் தாங்காது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

பண்ணுவதற்கு எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மறுநாள் காலை ஆபீசில் நடந்ததையெல்லாம் எழுதி, பதிவகத்துக்கும் ரகோத்தமனுக்கும் அனுப்பினேன். நான் பொய் சொன்னேன், சர்வர் நூறு மதிப்பெண் கொடுத்தது, உண்மை சொன்னவளுக்குப் பத்தொன்பது கொடுத்தது. மத்தியானத்துக்குள் என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. என் ஆணையை ரத்து செய்ய விதியில் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, மானி தவறாகக் கணித்தது என்று பதிவகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஆணை வாங்கியவரே ரத்து கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். முதலாவதில் கையெழுத்துப் போட பதிவகத்தில் ஓர் ஆள் இல்லை. ஆகவே என்னை விண்ணப்பிக்கச் சொன்னார்கள்.

வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். 'முன்பு நீங்கள் அளித்த தகவல் எந்த வகையில் தவறானது?' என்று கேட்டிருந்தது. நான் அவளுக்கு யாரும் இல்லை என்று எழுதினேன். அது முழு உண்மையா என்று யோசித்தேன். அழித்தேன். நான் அவளைப் பெறவில்லை, வளர்க்கவில்லை என்று எழுதினேன். ஏன் செய்தேன் என்ற இடத்தில் இன்னும் நின்றேன். ஒரு பெண்ணுக்கு நான் செய்த கெடுதலை நான்கு வரியில் எழுதுவது லேசாக இல்லை. ஒருவழியாக முடித்து அனுப்பினேன்.

'நம்பகம் 38. தங்கள் விண்ணப்பம் ஐயத்துக்குரியது. நிராகரிக்கப்படுகிறது.'

வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு இரண்டு தடவை முயன்றேன். இருபத்தொன்பது, இருபத்துநாலு. என் எண் ஆறு மாதத்துக்குப் பூட்டிக்கொண்டது.

ரகோத்தமன் போனில் குதித்தார். "வசு, வேணும்னு பண்றியா?"

"இல்ல சார். நிஜமாவே யோசிச்சுத்தான் எழுதினேன். உங்க சர்வர் நான் திருந்தினத நம்ப மாட்டேங்குது."

"எண்ணைத் திறந்து விடறேன். முன்னாடியே அடிச்சு வெச்சுக்கிட்டு ஒட்டித் தொலையேன்! இல்லேன்னா போன தடவை மாதிரி கையாலயே பொட்டலம் கட்டி அனுப்பு."

"அது குற்றம்னுதானே சார் என்னை நிறுத்தி வெச்சிருக்கீங்க? நீங்க சொல்லித்தான் மறுபடி செஞ்சேன்னு எழுதிக்கட்டுமா?"

அவர் போனை வைத்துவிட்டார். மூன்று நாள் பேச்சில்லை. அந்த மூன்று நாளில் பதிவகத்தின் வக்கீல்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அம்மா என்று பொய் ஆணை வாங்கியவள் ஒருத்தி இருக்கிறாள், அவளே அதை ஊருக்கெல்லாம் சொல்கிறாள், ரத்து செய்ய முடியவில்லை. பத்திரிகைக்குப் போனால் மொத்த மானமும் போய்விடும். கடைசியில் அவர்களுக்கு ஒரு வழிதான் மிஞ்சியது. வியாழக்கிழமை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, பராமரிப்பு என்று சொல்லி மானியை நிறுத்தி வைப்பது. மானி போட்ட பூட்டுகளும் அதோடு திறந்துகொள்ளும். அந்த நேரத்துக்குள் நான் ரத்து கேட்கும் ஒப்புதலைப் போட்டுவிட வேண்டும்.

"ரெண்டு நிமிஷ வேலை. பத்து மணிக்கே போட்டுடு" என்றார் ரகோத்தமன்.

"அஞ்சு மணிக்குள்ளதானே சார்? போட்டுடறேன்" என்றேன்.

போனை வைத்த கையோடு கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே புதுக்குப்பம் மையத்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சுற்றியுள்ள இருபது குப்பத்திலிருந்தும் வந்திருந்தார்கள். தள்ளுபடியான படிவங்கள் பதிவகத்தில் அப்படியே கிடந்தன, எடுத்து மறுபடி சமர்ப்பித்தால் போதும். ஒரு மெஷினில் கலியமூர்த்தி, ஒரு மெஷினில் நான். அவ்வளவு அவசரத்திலும் அந்த மனுஷன் ஒவ்வொருவருக்கும் பெயரையும் உறவையும் படித்துக் காட்டி "சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினார். பதினொரு மணிக்கு மேல் நானும் கேட்க ஆரம்பித்திருந்தேன். இரண்டு பேர் 'இல்லை' என்று தலையாட்டித் திருத்தச் சொன்னார்கள்.

இரண்டு மணிக்கு ரகோத்தமன் கூப்பிட்டார், எடுக்கவில்லை. நான் ஒப்புதலைப் போட்டுவிட்டால் மானியை அப்போதே ஓடவிட்டுவிடுவார்கள். மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் கூப்பிட்டார். நாலே முக்காலுக்கு இருநூற்றெட்டாவது குடும்பம் எழுந்து போனது. கடைசியாக அஞ்சலாட்சி. உறவு என்ற இடத்தில் சித்தி என்று இருந்தது, சரி என்றாள். ஒரு குழந்தைக்கு ஒரு பாதுகாவலர்தான் என்பதால் அவள் விண்ணப்பம் என் ஆணைக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நான் விலகினால் தானாக அவள் பேருக்கு மாறிவிடும்.

அதன் பிறகு மறுநாள் மானி மறுபடி ஓடியதும், பரக்கத் நிஷாவும் இன்னும் பல அலுவலர்களும் எழுதி எழுதி அடுத்த சித்திரையில் அதை நிரந்தரமாக எடுத்ததும், என் வேலை போனதும், வழக்கு இன்னும் நடப்பதும் வேறு கதை. வழக்கில் எனக்குப் பயமில்லை. செய்ததைச் செய்தேன் என்றுதான் சொல்லப்போகிறேன்.

நாலு ஐம்பதுக்கு என் ஒப்புதலைத் திறந்தேன். கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. கலியமூர்த்தி வெளியே டீ சொல்லப் போயிருந்தார். அஞ்சலாட்சி குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று திரும்பாமலே தெரிந்தது. அனுப்பினேன்.

'நிறைமதி: பாதுகாவலர் அஞ்சலாட்சி, சித்தி. ஆணை வழங்கப்பட்டது.' அதற்குக் கீழே எனக்கென்று ஒரு வரி வந்தது. 'வசுமதி: தங்கள் பொறுப்பில் உள்ள குழந்தைகள் 0.'

"வந்துடுச்சா அக்கா?" என்றாள் அஞ்சலாட்சி. அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது, இதற்குத்தானே இவ்வளவும். ஆனாலும் பத்து நாள் ஒரு குழந்தை என் பேரில் இருந்தாள். அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எத்தனை விநாடி என்று எண்ண அன்றைக்கு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.